பருவம் என்னும் சொல்லும் மழைமானியும்: காலநிலை மாற்றம் குறித்த உழவர் புலப்பாட்டாய்வுகள் – ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

காலநிலை மாற்றத்தை உழவர்கள் எவ்வாறு உணர்கிறார்கள் என்பதை வினாநிரல் வழியாக அறிய முற்படும் ஆய்வுகள் கடந்த இருபது ஆண்டுகளில் பெருகியுள்ளன. இவற்றுள் பல, உழவர் கூறிய விடைகளை மழைமானிப் பதிவுகளோடு ஒப்பிட்டு, பொருந்துவனவற்றைச் சரியான உணர்வு என்றும் பொருந்தாதனவற்றைப் பிழையான உணர்வு என்றும் பிரிக்கின்றன. நீலகிரி உருளைக்கிழங்குச் சாகுபடியையும் சிவகங்கை மாவட்டத்துக் கண்மாய்ப் பாசன நெல்லையும் சான்றுகளாகக் கொண்டு இப்பகுப்பை இக்கட்டுரை மறுபரிசீலனை செய்கிறது. உழவர் பேசுவது பயிரின் பருவத்தைப் பற்றி. மழைமானி அளப்பது மழையின் மொத்தத்தை. இரண்டும் பொருந்தாத இடத்தில் பிழை உழவரிடம் இருப்பதாகக் கொள்வதற்கு முன், வினாவையும் அதன் மொழியையும் சோதிக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: காலநிலை மாற்றம், உழவர் புலப்பாடு, உருளைக்கிழங்கு, நீலகிரி, கண்மாய்ப் பாசனம், வினாநிரல், பருவம்.

முன்னுரை

செட்டிநாட்டுப் பகுதியில் உருளைக்கிழங்கு விளைவதில்லை. செட்டிநாட்டுச் சமையலில் அதற்கு நிலையான இடம் உண்டு என்றாலும், காரைக்குடிச் சந்தைக்கு அது வெளியிலிருந்தே வருகிறது. இங்கு விளைவது பெரும்பாலும் கண்மாயையும் வானத்தையும் நம்பிய நெல். தமிழ்நாட்டில் உருளைக்கிழங்கு விளையும் முதன்மையான நிலப்பகுதி நீலகிரி மலை. ஒன்று குளிரும் ஈரமும் மிகுந்த மலை. மற்றொன்று வறட்சிக்கு உட்பட்ட சமவெளி. இவ்விரண்டையும் ஒரே கட்டுரையில் இணைத்துப் பேசுவதற்குக் காரணம் உண்டு. காலநிலை மாற்றம் குறித்து உழவரிடம் கேட்கப்படும் வினாக்கள் எந்த நிலத்திலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கின்றன. பயிரின் பெயர் மாறும். வினாநிரலின் அமைப்பு மாறுவதில்லை.

'கடந்த இருபது அல்லது முப்பது ஆண்டுகளில் வெப்பநிலை கூடியுள்ளதா, குறைந்துள்ளதா, மாறவில்லையா?' 'மழையளவு கூடியுள்ளதா, குறைந்துள்ளதா, மாறவில்லையா?' 'இதனால் விளைச்சல் பாதிக்கப்பட்டுள்ளதா?' என்பன அவ்வினாக்கள். விடைகள் லிக்கர்ட் அளவுகோலில் மதிப்பெண்களாகவும், இடர்ப்பாடுகள் காரெட் தரவரிசை முறையில் வரிசைகளாகவும் மாற்றப்படுகின்றன. இறுதியில் இத்தனை விழுக்காட்டு உழவர்க்கு 'விழிப்புணர்வு' உண்டு, இத்தனை விழுக்காட்டினர்க்கு இல்லை என்னும் முடிவு பெறப்படுகிறது. இம்முறையில் எது விடுபடுகிறது, அவ்விடுபாடு யாரைப் பாதிக்கிறது என்பன இக்கட்டுரை எழுப்பும் வினாக்கள்.

புலப்பாட்டாய்வுகளின் பொதுச்சட்டகம்

இன்று வழங்கும் சட்டகம் பரவுவதற்கு 2007-இல் உலக வங்கியின் ஆய்வறிக்கையாக டேவிட் மாடிசன் வெளியிட்ட ஆப்பிரிக்க ஆய்வு ஒரு முக்கிய காரணமாகும். 11 நாடுகளின் உழவரிடம் பெற்ற விடைகளைக் கொண்டு, முதலில் உழவர் மாற்றத்தை உணர்கிறாரா, பின்னர் அதற்கேற்பத் தம் நடைமுறையை மாற்றிக்கொள்கிறாரா என்று அவ்வாய்வு இரு படிநிலைகளில் பகுத்தது. வெப்பம் கூடியது, மழை குறைந்தது என்று கணிசமான உழவர்கள் கருதுவதாக அது கண்டது. இந்த இருபடிநிலை அமைப்பு ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் எண்ணற்ற ஆய்வேடுகளுக்கு வார்ப்பாக அமைந்தது.

அவ்வார்ப்பின் பயனை மறுப்பதற்கில்லை. பல நாடுகளின் விடைகளை ஒப்பிட அது வழிவகுத்தது. உழவரின் குரலுக்குக் கொள்கை ஆவணங்களில் இடம் தேடித் தந்தது. ஆனால், உணர்தல் என்பதைச் சரி, தவறு என்று திருத்தப்பட வேண்டிய தேர்வு விடையாக அது மாற்றிவிட்டது. விடைத்தாளாக அமைவது அருகிலுள்ள வானிலை நிலையத்தின் பதிவு.

இந்தத் திருத்தும் முறையின் எல்லையை எலிசபெத் மெசெ-ஹாவுசென் 2004-இல் வெளியிட்ட வட எத்தியோப்பிய ஆய்வு தெளிவாகக் காட்டியது. மழை குறைந்துவிட்டது என்று அப்பகுதி மக்கள் உறுதியாகக் கூறினர். மழைமானிப் பதிவுகளில் அத்தகைய இறங்குமுகம் காணப்படவில்லை. மக்கள் தவறாக நினைவுகூர்கிறார்கள் என்று ஆய்வாளர் அதோடு நிறுத்தவில்லை. மழையின் தேவை மாறியிருக்கக்கூடும் என்ற திசையில் அவர் விளக்கம் தேடினார். மழை அதே அளவில் பெய்தாலும், அதைச் சார்ந்திருக்கும் நிலமும் மக்களும் பயிரும் மாறியிருந்தால், அது போதாத மழையாகிவிடும். 'குறைவு' என்ற சொல் அளவைக் குறிக்கலாம், போதாமையையும் குறிக்கலாம். வினாநிரல் முதற்பொருளில் கேட்கிறது. உழவர் இரண்டாம் பொருளில் விடை தருகிறார்.

மொழிபெயர்ப்பில் நேரும் இழப்பு

இச்சிக்கல் தமிழில் மேலும் கூர்மையடைகிறது. 'காலநிலை' என்பது பாடநூல் வழியாகவும் செய்தி வழியாகவும் நிலைபெற்ற கலைச்சொல். வானிலை ஆய்வில் அது பொதுவாக 30 ஆண்டுச் சராசரியைச் சுட்டும். உழவரின் பேச்சு வழக்கில் இச்சராசரிக்குத் தனிச்சொல் இல்லை. அதற்குத் தேவையும் எழவில்லை. அவர்கள் வழங்குவன பருவம், பட்டம், போகம் முதலிய சொற்கள். 'பருவம் தப்பிவிட்டது', 'பட்டம் பிந்திவிட்டது', 'மழை பொய்த்துவிட்டது' என்னும் தொடர்கள் அவ்வச் செயலுக்குரிய காலத்தில் வானம் துணைநின்றதா என்பதைப் பேசுகின்றன. மழையின் ஆண்டு மொத்தம் அவற்றின் பொருளன்று.

ஈழத்து வழக்கையும் இங்குக் கருதலாம். இலங்கைத் தமிழ்ச் செய்திகளில் 'சீரற்ற காலநிலை' என்னும் தொடர் ஓரிரு நாள் அடைமழையையும் குறிக்கும். தமிழ்நாட்டார் 'வானிலை' என்பதை அங்குக் 'காலநிலை' என வழங்குவது இயல்பு. யாழ்ப்பாணத்தில் மழைக்காலத்தை ஒட்டி நட்டு, மார்கழி, தை மாதங்களின் இரவுக் குளிரை நம்பி உருளைக்கிழங்கு விளைவிக்கும் உழவரிடம் 'காலநிலை மாறிவிட்டதா?' என்று கேட்டால், அவர் சென்ற வாரத்து மழையை எண்ணி விடை கூறக்கூடும். ஒரே தமிழ் வினா இரு கரைகளிலும் ஒரே வினாவாக இருப்பதில்லை.

ஆய்வின் மையச்சொல்லும் இவ்வாறே சிக்கலுடையது. ஆங்கில ஆய்வுச்சொல் தமிழ் ஆய்வேடுகளில் கருத்து, எண்ணம், மனப்பாங்கு, கண்ணோட்டம் எனப் பலவாறு பெயர்க்கப்படுகிறது. கண்டு, தொட்டு, ஆண்டுதோறும் செய்து அறிந்ததைக் 'கருத்து' என்று பெயரிட்ட அளவிலேயே அது ஐயத்திற்குரியதாகிவிடுகிறது. இக்கட்டுரை 'புலப்பாடு' என்னும் சொல்லைக் கையாள்வது, புலன்வழிப் பெற்ற அறிவு என்னும் பொருள் அதில் தங்கியிருப்பதால்தான்.

தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் இணைத்து முதற்பொருள் என வகுத்தது தமிழாய்வாளர் நன்கறிந்தது. குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும் உரியனவாகச் சொல்லப்படும்போது, காலம் நிலத்திலிருந்து பிரித்து எண்ணப்படவில்லை. ஆறு பெரும்பொழுதுகளுள் முன்பனி, பின்பனி ஆகிய இரண்டு பனியின் பெயரால் அமைந்தவை என்பதும் கருதத்தக்கது. இந்திய வானிலைத் துறையின் பகுப்பில் ஆண்டு நான்கு பருவங்களாகிறது. பனிக்குத் தனியிடம் இல்லை. இலக்கணத்தின் பொழுதுப் பகுப்பை இன்றைய அறிவியலுக்கு மாற்றாக முன்வைப்பது இங்கு நோக்கமன்று. எதை அளக்கிறோமோ அதற்கே பெயரிடுகிறோம். பெயரிடாதது வினாநிரலிலும் இடம்பெறுவதில்லை என்பதே சுட்டத்தக்கது.

சொற்பொருள் வேறுபாடு ஆய்வின் திசையையே மாற்றியமைக்கும் என்பதற்கு உருளைக்கிழங்காய்விலேயே ஒரு சான்று உண்டு. பெருவின் லீமா நகரிலுள்ள பன்னாட்டு உருளைக்கிழங்கு மையத்தில் பணியாற்றிய மானிடவியலாளர் ராபர்ட் ரோட்ஸ், சேமிப்பில் ஏற்படும் 'இழப்பு' பற்றிய ஆய்வில் பங்கேற்றார். ஆய்வாளர் இழப்பு என்று கருதியதை உழவர் இழப்பாகக் கருதவில்லை. சுருங்கியதும் அழுகியதுமான கிழங்கு கால்நடைக்கு உணவாயிற்று. உறையவைத்து உலர்த்திய உணவாகவும் ஆயிற்று. உழவரை உண்மையில் வருத்தியது விதைக்கிழங்கில் நீண்டு வளரும் முளை. இதை உணர்ந்த பின்னரே பரவலொளியில் விதைக்கிழங்கைச் சேமிக்கும் எளிய முறை உழவர் ஏற்கும் வடிவம் பெற்றது. ரோட்ஸும் ராபர்ட் பூத்தும் 1982-இல் இதனை, உழவரிடம் தொடங்கி உழவரிடமே மீளும் ஆய்வுமுறை என்று வரையறுத்தனர்.

நீலகிரி: கிழங்கின் நாள்காட்டி

நீலகிரியில் உருளைக்கிழங்கு 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், ஜான் சல்லிவன் காலத்தில், ஐரோப்பியக் காய்கறிகளோடு வந்த பயிர். இரு நூற்றாண்டுக்குள் அது மலையின் வேளாண் நாள்காட்டியில் மூன்று போகங்களாக அமைந்துவிட்டது. சனவரி, பிப்ரவரியில் பாசனத்தோடு நடுவது நீர்போகம். கோடைமழையை ஒட்டி நடுவது கார்போகம். ஆகஸ்டு, செப்டம்பரில் நடுவது கடைபோகம். மூன்றுக்கும் வானத்திடம் வேண்டுவன வேறுவேறு.

நீர்போகத்தின் இளம்பயிருக்குப் பகை உறைபனி. தெளிந்த வானமுள்ள இரவுகளில் பள்ளத்தாக்குகளில் குளிர்காற்று தேங்கி, இலை கருகிவிடும். கார்போகம் தென்மேற்குப் பருவமழையின் நடுவே வளர்கிறது. அதன் பகை பின்கருகல் நோய். 1845-இல் தொடங்கிய அயர்லாந்துப் பஞ்சத்துக்குக் காரணமான அதே நோய், குளிர்ந்த மூடுவானமும் நீங்காத இலையீரமும் உள்ள நாட்களில் பரவும். கடைபோகம் கிழங்கு முற்றும் வேளையில் வடகிழக்குப் பருவமழையைச் சந்திக்கிறது. அப்போது நிலத்தில் நீர் தேங்கினால் கிழங்கு அழுகும். இவற்றோடு, கிழங்கு பிடிப்பதற்கு இரவின் குளிர் இன்றியமையாதது. இரவு வெப்பம் 20 பாகை செல்சியசைக் கடக்கும்போது கிழங்கு பிடிப்பது குறைகிறது.

இந்நிலையில் 'மழை கூடியுள்ளதா, குறைந்துள்ளதா?' என்னும் வினாவுக்கு உருளைக்கிழங்கு உழவர் தரத்தக்க விடை யாது? சித்திரையில் குறைந்தது, ஐப்பசியில் கூடியது என்பது ஒருவர் விடையாகலாம். மழை அவ்வளவே, மூடுபனி நீடித்தது என்பது மற்றொருவர் விடையாகலாம். இந்திய வானிலைத் துறை 2.5 மில்லிமீட்டருக்குக் குறையாமல் மழை பதிவாகும் நாளையே மழைநாள் என்று கணக்கிடுகிறது. மழைமானியில் ஏதும் பதியாத மூடுபனி நாள் பின்கருகல் நோய்க்கு உகந்த நாளாக இருக்கலாம். உழவர் அதை 'ஈரமான ஆண்டு' என்று நினைவில் வைத்திருப்பார். பதிவேடு அதை 'மழை குறைந்த ஆண்டு' என்று காட்டும். இரண்டும் உண்மை.

மாவட்டச் சராசரியும் இங்கு அளவுகோலாகப் பயன்படுவதில்லை. நீலகிரியின் மேற்குச் சரிவு தென்மேற்குப் பருவமழையை மிகுதியாகப் பெறுகிறது. கோத்தகிரி, குன்னூர் உள்ளிட்ட கிழக்குப் பகுதிகள் வடகிழக்குப் பருவமழையை மிகுதியும் சார்ந்துள்ளன. இரண்டையும் கூட்டிப் பெறும் சராசரி எந்த ஊரின் மழையையும் குறிப்பதில்லை.

நீரஜ் வேத்வானும் மேற்சுட்டிய ராபர்ட் ரோட்ஸும் 2001-இல் வெளியிட்ட குலு பள்ளத்தாக்கு ஆய்வு இவ்வகையில் முன்னோடியானது. இமாசலப் பிரதேசத்து ஆப்பிள் உழவர்கள் காலநிலை மாற்றத்தைப் பனிப்பொழிவின் அளவோடு அதன் காலத்தையும் சேர்த்தே உணர்ந்தனர். ஆப்பிளின் உறக்கம், அரும்பு, பூ, காய் என்னும் படிநிலைகளே அவர்களுக்கு வானத்தைப் படிக்கும் அளவுகோலாக இருந்தன. பயிருக்கும் வானத்துக்கும் உள்ள உறவிலிருந்தே புலப்பாடு பிறக்கிறது என்னும் அம்முடிவு, நீலகிரியின் மூன்று போகங்களுக்கும் பொருந்தத்தக்கது.

புலப்பாட்டின் எல்லை

இதுவரை கூறியவற்றைக் கொண்டு உழவர் கூற்று எப்போதும் சரியே என்று முடிவு செய்துவிடலாகாது. வினாநிரலின் குறையைச் சுட்டும் ஆய்வுகள் சில, உழவர் அறிவை ஐயத்துக்கு அப்பாற்பட்டதாக்கி மறுகோடிக்குச் சென்றுவிடுகின்றன. உருளைக்கிழங்கே அதற்குத் தடையான சான்றைத் தருகிறது.

1961-இல் உதகமண்டலத்தில் உருளைக்கிழங்கு முட்டைக்கூட்டு நூற்புழு கண்டறியப்பட்டது. இதன் முட்டைக்கூடுகள் பயிரில்லாத மண்ணிலும் பல ஆண்டுகள் உயிர்ப்போடு தங்கும். தாக்குண்ட செடி நீர் குறைந்த செடியைப் போலவே வாடும், இலை மஞ்சளாகும், கிழங்கு சிறுக்கும். முத்தோரையிலுள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையம் இதற்கு எதிர்ப்பாற்றலுடைய குஃப்ரி சுவர்ணா என்னும் வகையை உருவாக்கியது; அது 1985-இல் வெளியிடப்பட்டது. ஆயினும் நூற்புழு மலையிலிருந்து நீங்கவில்லை. நூற்புழுப் பரவல் காரணமாக விதைக்கிழங்கைக் கொண்டுசெல்வதற்கு விதிக்கப்பட்ட கட்டுப்பாடுகள் நல்ல விதைக்கிழங்கு கிடைப்பதையும் அரிதாக்கின. மறுபுறம், தேயிலையும் கேரட்டும் உருளைக்கிழங்கு நிலத்தைப் பங்கிட்டுக்கொண்டன.

ஆகவே 'முன்போல் விளைச்சல் இல்லை; வானம் மாறிவிட்டது' என்னும் கூற்றில் முற்பகுதி நேரடியாக அறிந்த உண்மை; பிற்பகுதி காரணம் காட்டும் முயற்சி. கண்ணுக்குத் தெரியாத நூற்புழுவைவிடக் கண்முன் நிற்கும் வானமே எளிதில் காரணமாகும். 'காலநிலை மாற்றத்தால் உங்கள் விளைச்சல் பாதிக்கப்பட்டுள்ளதா?' என்னும் வினா காரணத்தைத் தானே எடுத்துக்கொடுத்துவிடுகிறது. அதற்கு 'ஆம்' என்று பெறப்படும் விடையைப் புலப்பாடு என்று கொள்வது பொருந்தாது. அது வினாவின் எதிரொலி. எதைக் கண்டார், அதற்கு என்ன காரணம் கூறுகிறார் என்னும் இரண்டையும் பிரித்துக் கேட்காத ஆய்வு, உழவர் அறிவையும் மதிக்கவில்லை. மண்ணின் நிலையையும் அறியவில்லை.

சிவகங்கை: கண்மாய் என்னும் அளவுகோல்

சமவெளிக்கு வருவோம். சிவகங்கை மாவட்டத்தின் பெரும்பகுதியில் நெல் வடகிழக்குப் பருவமழையையும் கண்மாயையும் நம்பியது. புரட்டாசியை ஒட்டிப் புழுதியில் விதைத்து, ஐப்பசி மழையில் பயிரை நிலைநிறுத்தி, மார்கழி, தையில் கண்மாய் நீரால் கதிரைக் காப்பது வழக்கமான முறை. இம்முறையில் மழை இரு வேறு பணிகளைச் செய்ய வேண்டும். விதைத்த புழுதியை நனைக்கும் மழை மெல்ல, இடைவெளி விட்டுப் பெய்ய வேண்டும். கண்மாயை நிரப்பும் மழை வலுத்துப் பெய்து வரத்துக்காலில் ஓட வேண்டும். ஒரே அளவு மழை பல நாட்களில் பரவிப் பெய்தால் பயிர் பிழைக்கும், கண்மாய் நிறையாது. சில நாட்களில் கொட்டினால் கண்மாய் மறுகால் பாயும், பின்னர் நீண்ட வெயிலில் மேட்டு வயல் காயும். 'நல்ல மழை' என்னும் தொடருக்கு இங்கு உள்ள பொருளை நீலகிரியின் கடைபோக உழவர் ஏற்கமாட்டார். அறுவடை வேளையில் வலுத்துப் பெய்யும் மழை அவருக்குக் கேடு.

கண்மாய் நிறைவது மழையை மட்டும் பொறுத்ததன்று. வரத்துக்கால் தூர்ந்திருந்தால், நீர்ப்பிடியில் சீமைக் கருவேலம் அடர்ந்திருந்தால், மேல்கண்மாயின் மறுகால் தடுக்கப்பட்டிருந்தால், மழை பெய்தும் நீர் வந்து சேராது. 'முன்போல் மழை இல்லை' என்று ஆயக்கட்டு உழவர் கூறும்போது, அவர் கண்டது கலுங்கைத் தொடாத நீர்மட்டமாக இருக்கக்கூடும். நீலகிரியில் நூற்புழு மறைந்திருப்பதைப் போல இங்குப் பராமரிப்பின்மை மழையின் பெயரில் மறைந்துவிடுகிறது. இதனைக் 'காலநிலை மாற்றம்' என்று பதிவு செய்யும் ஆய்வு, சீர்செய்யத்தக்க ஒரு குறையை எவராலும் சீர்செய்ய இயலாததாகக் காட்டிவிடும் அபாயமும் உண்டு.

ஆய்வு நிகழும் ஆண்டும் விடையைத் தீர்மானிக்கிறது. 2016-ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. 2017 சனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சியால் பாதிக்கப்பட்டவையாக அறிவிக்கப்பட்டன. 2021-இல் அதே பருவமழை இயல்பைவிட 59 விழுக்காடு கூடுதலாகப் பெய்தது. 2017-இல் களம் சென்ற ஆய்வாளரும் 2022-இல் களம் சென்ற ஆய்வாளரும் ஒரே ஊரில் ஒரே வினாவைக் கேட்டிருந்தாலும், ஒரே விடையைப் பெற்றிருப்பர் என்று எதிர்பார்க்க இயலாது. முப்பது ஆண்டுப் போக்கைக் கேட்கும் வினாவுக்கு அண்மையில் நேர்ந்த பெருநிகழ்வே விடையை வழங்கிவிடும். ஆய்வு நிகழ்ந்த ஆண்டின் மழைநிலையைக் குறிப்பிடாமல் விழுக்காட்டை மட்டும் தருவது முழுமையான தரவாகாது.

ஆண்டிய மலையின் சான்று

உழவர் புலப்பாடும் அறிவியலும் உரையாட இயலுமா என்னும் வினாவுக்கு உருளைக்கிழங்கின் தாயகமே ஒரு விடை தருகிறது. பெரு, பொலிவியா நாடுகளின் ஆண்டிய மலையுழவர்கள் சூன் மாத இறுதியில், புனித யோவான் திருநாளை ஒட்டி, விடியலுக்கு முன் கார்த்திகை விண்மீன் கூட்டத்தை நோக்குவர். விண்மீன்கள் தெளிவாகத் தெரிந்தால் மழை உரிய காலத்தில் வரும் என்றும், மங்கித் தெரிந்தால் மழை பிந்தும், குறையும் என்றும் கணித்து, மங்கிய ஆண்டில் உருளைக்கிழங்கு நடுவதைத் தள்ளிவைப்பர். பென் ஓர்லோவ், ஜான் சியாங், மார்க் கேன் ஆகிய மூவரும் 2000-ஆம் ஆண்டில் 'நேச்சர்' இதழில் இதனை ஆராய்ந்து வெளியிட்டனர். எல் நினோ ஆண்டுகளில் உயர்வானில் மெல்லிய மேகம் கூடுவதால் விண்மீன்கள் மங்குகின்றன. அவ்வாண்டுகளிலேயே அம்மலையில் பின்வரும் மழையும் குறைகிறது என்று அவர்கள் காட்டினர்.

இவ்வாய்வை மரபறிவின் வெற்றி என்று கொண்டாடும் வழக்கம் உண்டு. ஆய்வுமுறை நோக்கில் அதன் சிறப்பு வேறிடத்தில் உள்ளது. ஆய்வாளர்கள் உழவரிடம் 'மழை குறைந்துள்ளதா?' என்று கேட்டு விடையைத் திருத்தவில்லை. உழவர் எதை நோக்குகிறார், எப்போது நோக்குகிறார், அதைக் கொண்டு என்ன செய்கிறார் என்று கேட்டறிந்து, அதே பொருளை அளக்கவல்ல தரவைத் தேடிச் சென்றனர். உழவரின் சொல்லே அளக்கப்பட வேண்டியதைத் தீர்மானித்தது. கூற்று மெய்யா என்று சோதிக்கவும் பட்டது. மதிப்பும் சோதனையும் ஒருங்கே நிகழ்ந்தன.

நடைமுறை விளைவு

இது சொற்பொருள் பற்றிய கருத்தாடலாக மட்டும் முடிவதன்று. 2016 முதல் நடைமுறையிலுள்ள பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டம் பெரும்பாலும் பரப்பு அடிப்படையிலானது. அறிவிக்கப்பட்ட அலகில் பயிர் அறுவடைச் சோதனைகள் வழியாகப் பெறும் சராசரி விளைச்சல், வரையறுத்த விளைச்சலைவிடக் குறைந்தால் மட்டுமே அவ்வலகின் உழவர்க்கு இழப்பீடு கிடைக்கும். ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, நீர் தேக்கம் முதலிய சில இடர்களுக்கு மட்டும் தனி வயல் அளவில் மதிப்பீடு உண்டு. வானிலை அடிப்படையிலான காப்பீட்டிலோ வயலின் இடத்தை வானிலை நிலையத்தின் பதிவு எடுத்துக்கொள்கிறது. விதைத்த புழுதி முளைக்காமல் போனது, மூடுபனி நீடித்துக் கிழங்கு அழுகியது, கண்மாய் நிறைந்தும் கடைமடைக்கு நீர் எட்டாதது ஆகியவை சராசரியில் கரைந்துவிடக்கூடிய இழப்புகள்.

திட்டம் வகுப்போர்க்குப் புலப்பாட்டாய்வுகள் வழங்கத்தக்க மிகப் பயனுள்ள செய்தி இதுவே: எந்தப் பயிரின் எந்தப் படிநிலையில் எந்த வானிலை நிகழ்வு இழப்பாகிறது? ஆனால், 'எண்பது விழுக்காட்டினர் மழை குறைந்ததாகக் கருதுகின்றனர்' என்னும் வகை முடிவு இச்செய்தியைத் தருவதில்லை. அதைவிடக் கேடானது, பதிவேட்டோடு பொருந்தாத விடைகள் 'விழிப்புணர்வின்மை' என்று தலைப்பிடப்படுவது. இழப்புற்ற உழவர் முறையிடும்போது அவர் கூற்றை ஒதுக்குவதற்கு அத்தலைப்பு ஒரு சான்றாகிவிடும். உழவர்க்குப் பயன்பட எழுதப்பட்ட ஆய்வேடு அவர்க்கு எதிரான ஆவணமாவது இவ்வாறே.

பரிந்துரைகள்

1. வினாக்களை ஆண்டு, சராசரி ஆகியவற்றின் அடிப்படையில் அமைக்காமல் பயிரின் படிநிலை அடிப்படையில் அமைத்தல் வேண்டும். உருளைக்கிழங்குக்கு நடவு, கிழங்கு பிடித்தல், முற்றல், தோண்டுதல் எனவும், மானாவாரி நெல்லுக்குப் புழுதி விதைப்பு, முளைப்பு, பூத்தல், அறுவடை எனவும் பிரித்துக் கேட்கலாம்.

2. கண்டதையும் கூறும் காரணத்தையும் தனித்தனி வினாக்களாக்குதல் வேண்டும். காலநிலை மாற்றம் என்னும் தொடர் வினாநிரலின் இறுதியில் மட்டுமே இடம்பெறுவது நலம்.

3. களத்தில் வழங்கும் சொற்களைத் தொகுத்து, அவற்றின் பொருளை உழவரிடமே உறுதிசெய்த பின்னரே வினாநிரலை எழுதுதல் வேண்டும். ஆங்கில வினாநிரலைத் தமிழாக்கிக் களத்திற்குக் கொண்டுசெல்லும் வழக்கம் இவ்வரிசையைத் தலைகீழாக்குகிறது. இப்பணியில் தமிழாய்வாளர்க்கும் வேளாண் ஆய்வாளர்க்கும் கூட்டுப்பொறுப்பு உண்டு.

4. ஒப்பிடும் தரவு உழவர் பேசும் பொருளுக்குரியதாக இருத்தல் வேண்டும். கண்மாயின் நீர்மட்டம், மூடுபனி நாட்களின் எண்ணிக்கை, முதல் விதைப்பு மழையின் நாள், இரவின் குறைந்த வெப்பநிலை ஆகியன மாவட்டத்தின் ஆண்டு மழைமொத்தத்தைவிடப் பொருத்தமானவை.

5. களப்பணி நிகழ்ந்த ஆண்டின் மழைநிலையையும் அதற்கு முந்தைய சில ஆண்டுகளின் பெருநிகழ்வுகளையும் ஆய்வேட்டில் பதிவு செய்தல் கட்டாயமாக்கப்பட வேண்டும்.

முடிவுரை

நீலகிரி உருளைக்கிழங்கும் சிவகங்கை நெல்லும் வானத்திடம் வேண்டுவன முரண்பட்டவை. ஆயினும், அவற்றை விளைவிப்போர் வானத்தை அறியும் முறை ஒன்றே. இருவரும் பயிரின் வழியாகவே அறிகின்றனர். இவ்வறிவைப் பொதுவான மூன்று வினாக்களில் அடக்கி, ஒரு சராசரியோடு பொருத்திப் பார்ப்பது அறிவியல் முறைமையை வலுப்படுத்துவதாகாது. அதே வேளையில், நூற்புழுவும் தூர்ந்த வரத்துக்காலும் காட்டுவதுபோல, உழவர் கூறும் காரணங்கள் சோதனைக்கு உட்பட்டவையே. எதைச் சோதிக்கிறோம் என்பதை உழவரிடம் கேட்டறிந்த பின் சோதிப்பதே முறை. இந்த அடிப்படையில் வினாநிரல்களைத் திருத்தி அமைத்தால், புலப்பாட்டாய்வுகள் விழுக்காட்டுப் பட்டியல்களாக நின்றுவிடாமல், காப்பீடு, நீர்நிலைப் பராமரிப்பு, விதை வழங்கல் ஆகிய துறைகள் எடுத்துப் பயன்படுத்தத்தக்க சான்றுகளாக அமையும்.